இருநூற்றுப் பதின்மூன்றாவது சுவை

பாலட்டா சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் குடிப்பழக்கம் இருக்கக் கூடாது. அங்கே செய்கிற வேலை, அமெரிக்காவில் விற்கும் மதுவகைகள் எப்படிச் சுவைக்கும் என்று எழுதிக் கொடுப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ சிக்கல் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி சாலையில், ஒரு கல்யாண மண்டபத்தின் இரண்டாவது மாடியில் அலுவலகம். காலை எட்டு மணிக்கு வாசலில் வரிசையாக நின்று வாயை ஊதிக் காட்ட வேண்டும். மோந்து பார்ப்பது காவலாளி சவுரிமுத்துவின் வேலை. பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்து வந்தவர். தினமும் குடிப்பவர். அந்தக் கட்டடத்தில் மதுவின் ருசி தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். ஆனால் அவர் ஒப்பந்த ஆள், நிறுவனத்தின் ஊழியர் அல்ல. அதனால் விதி அவரைக் கட்டுப்படுத்தவில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்டதுமில்லை.

ஜெயக்கொடி அங்கே சேர்ந்தது 2007 ஜூனில். வயது முப்பத்து மூன்று. அதற்கு முன் குரோம்பேட்டையில் அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்யும் இடத்தில் இருந்தாள். அதை ஒரு வெள்ளிக்கிழமை பூட்டிவிட்டார்கள். கணவன் அரிகிருஷ்ணன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்லீரல். மகள் வெண்ணிலாவுக்குப் பதினொரு வயது. இருவரும் கூடுவாஞ்சேரியில் ஜெயக்கொடியின் அண்ணன் வீட்டில், சாப்பாட்டு மேசையை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் படுத்துக்கொண்டிருந்தார்கள். பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்தில், ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். வீட்டுக்காரர் நல்ல மாதிரி. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு விடுவதில் அவருக்குத் தடையில்லை. நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் மட்டும் காட்டச் சொன்னார். பாலட்டாவில் ஆறு மாதம் கழித்துத் தேர்வு வைத்து அந்தக் கடிதத்தைக் கொடுப்பார்கள். டிசம்பர் வரை காத்திருப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

வேலை எளிது. அமெரிக்காவிலிருந்து மதுவின் பெயர், வயது, நிறம், எந்த மரப் பீப்பாயில் இருந்தது ஆகிய விவரங்கள் வரும். அதை வைத்துச் சுவைச் சக்கரத்திலிருந்து சொற்களை எடுத்துக் கோக்க வேண்டும். சக்கரம் சுவரில் மாட்டியிருந்தது, லாரி டயர் அளவுக்கு. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பதினான்கு உலர்திராட்சை. எண்பத்தெட்டு தோல். நூற்று முப்பத்தொன்று பழைய நூலகம். சக்கரத்தில் இல்லாத சொல்லை எழுதினால் மதிப்பெண் குறையும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் மாதிரி இருந்தது. ஜாடி அறை என்று ஓர் அறை. இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள். எண்பத்தெட்டில் மேலாளர் ஒருவரின் பழைய பெல்ட் சுருண்டு கிடந்தது. நூற்று முப்பத்தொன்றில் ஒரு டெலிபோன் டைரக்டரி. புதியவர்கள் தினமும் அரை மணி நேரம் ஜாடிகளைத் திறந்து மோந்து, படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் மட்டும் இது சரிவராது. கீழே மண்டபத்தில் வெங்காயம் வதக்கினால் மாடியில் எழுதப்படும் எல்லா விஸ்கியிலும் வெங்காயம் வந்துவிடும். ஆவணி மாதத்தில் ஒரு வாடிக்கையாளர், உங்கள் குறிப்புகளில் பெருங்காயம் என்று ஒரு பொருள் அடிக்கடி வருகிறது, அது என்ன என்று கேட்டு எழுதினார். அதிலிருந்து முகூர்த்த நாட்களில் மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டுதான் சுவை எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

ஜெயக்கொடிக்கு இதெல்லாம் விளங்கவில்லை. ஆனால் மூக்கு அவளுக்கு உண்டு. அது ஜாடி அறையில் கற்றதல்ல.

கடப்பேரியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் இரும்புக் கேட் துருப்பிடித்தது. திறந்தால் தெருமுனை வரை கத்தும். கேட்டிலிருந்து கதவுக்குப் பதினோரு எட்டு. அரிகிருஷ்ணன் அந்தப் பதினோரு எட்டு நடந்து வருவதற்குள் அவன் என்ன குடித்திருக்கிறான், எவ்வளவு, யாரோடு என்று அவளுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். ரம் என்றால் அழுவான். பிராந்தி என்றால் அடிப்பான். பிராந்தியோடு பீரும் கலந்திருந்தால் வெண்ணிலாவைக் கொல்லைக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டு ஞானம்மாளிடம் அனுப்பிவிட வேண்டும். அடிப்பதென்று முடிவு செய்துவிட்டு வரும் நாட்களில் மட்டும் கேட்டைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, சத்தம் வராமல் திறப்பான். அந்த நாட்களில் காது உதவாது. மூக்கு மட்டுமே. அப்படி எட்டு வருடம்.

இதை அவள் நேர்முகத் தேர்வில் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

செப்டம்பர் கடைசியில் நிறுவனத்துக்கு ஒரு சோதனை வந்தது. அமெரிக்காவில் ஏதோ மலையடிவாரத்தில் சிறிதாக விஸ்கி காய்ச்சுகிற ஒருவர், தம் சரக்குக்கான குறிப்பை உண்மையிலேயே சுவைத்துவிட்டு எழுதும்படி கேட்டார். ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பாட்டிலும் கொடுத்தனுப்பிவிட்டார். சிங்கிள் மால்ட். ஒரே ஆலையில் வெறும் பார்லி முளையில் காய்ச்சி, கடைசி எட்டு மாதம் ஷெர்ரி இருந்த பீப்பாயில் வைத்தது. எழுதுகிற ஒவ்வொருவரும் கைப்பட எழுதிய தாளும் தமக்கு வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

பயிற்சியாளர் அருண்ராஜ், அதற்கு முன் பெருங்களத்தூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தியவர். ஷெர்ரி என்றால் ஸ்பெயின் தேசத்து ஒயின் என்று அவர் விளக்கினார். அந்த ஒயினை ஊற்றி எடுத்துவிட்ட பிறகும் மரத்துக்குள் அது கொஞ்சம் தங்கியிருக்கும், அதில் விஸ்கியை ஊற்றி வைத்தால் மரம் அதை மெல்ல விட்டுக்கொடுக்கும் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஜெயக்கொடி எழுதவில்லை. போனவன் மரத்தில் தங்குவான் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுடைய மரப் பீரோவைத் திறந்தால் அவன் வாசனை இன்னும் வருகிறது.

பாட்டிலை உள்ளே கொண்டுவருவதில் சிக்கல். வளாகத்துக்குள் மது கூடாது என்பது முதல் விதி. மூன்று நாள் கூட்டம் நடந்தது. கடைசியில் விருந்தினர்களுக்கு விதி பொருந்தாது என்பதை ஒருவர் கண்டுபிடித்தார். பாட்டிலுக்கு விருந்தினர் அட்டை கொடுக்கப்பட்டது. சவுரிமுத்து பதிவேட்டில் எழுதினார்: வந்தவர் பெயர், விஸ்கி. பார்க்க வந்தது, துணைத் தலைவரை. உள்ளே வந்த நேரம், பத்து இருபது. வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. கழுத்தில் அட்டை தொங்க, பாட்டில் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டது. அக்டோபரில் ஆயுத பூஜை வந்தபோது கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர்கள் அதற்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்கள். பொரி கடலை படைத்தார்கள்.

பூஜை முடிந்து துணைத் தலைவர் சத்தியநாதன் பேசினார். "நாம குடிக்கிற கம்பெனி இல்ல. குடிக்கிறவங்களுக்கு எழுதிக் குடுக்கிற கம்பெனி. நான் லைஃப்ல ஒரு சொட்டு தொட்டது கிடையாது. அதனாலதான் என் ஜட்ஜ்மென்ட்ல பயஸ் இருக்காது. டேஸ்ட் பண்ணிப் பார்த்தவன் அவன் டேஸ்ட்டைத்தான் எழுதுவான். நமக்கு அது வேண்டாம். நமக்கு வேண்டியது ஸ்டாண்டர்ட்."

எல்லோரும் கைதட்டினார்கள். பொரி கையிலிருந்ததால் சத்தம் குறைவாகத்தான் வந்தது.

சுவைக்கும் நாள் அதற்கடுத்த புதன்கிழமை. முந்தின நாளே மாதிரி விடை எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்விட்டது: பதினான்கு, பதினைந்து, எண்பத்தெட்டு, நூற்று முப்பத்தொன்று, முடிவு நீளமானது. ஆண்கள் இருபத்தாறு பேர் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டார்கள். கல்யாணமாகாதவர்கள் பெற்றோரின் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தார்கள். வரிசையாக வந்து வாயைத் திறக்க, போலியோ மருந்து போடுவதுபோல அருண்ராஜ் இங்க் ஃபில்லரால் நாக்கில் ஒரு சொட்டு விட்டார். மறுபடி வரிசையில் நிற்காமலிருக்க இடது கை சுண்டு விரலில் மை வைத்தார்கள். விக்கி என்ற பையன் தும்மிவிட்டான். இன்னொரு சொட்டு விடலாமா என்பதற்குத் துணைத் தலைவரின் அனுமதி கேட்டு மேலே அனுப்பினார்கள். மாலை வரை பதில் வரவில்லை.

பெண்கள் பன்னிரண்டு பேர். பெண்களைக் குடிக்கவைக்கிற நிறுவனம் அல்ல என்று சத்தியநாதன் சொல்லிவிட்டார். அவர்கள் மோந்து பார்த்தால் போதும்.

ஜெயக்கொடியின் முறை வந்தது. பாட்டிலின் கழுத்தில் காய்ந்த சந்தனம் இருந்தது. சந்தனத்தை விலக்கிவிட்டு மோந்தாள். முதலில் திராட்சை வந்தது. மழையில் நனைந்த திராட்சை. பிறகு அடிபிடித்த வெல்லம், புது நாற்காலியின் வார்னிஷ். அவள் அத்தோடு மூக்கை எடுக்கவில்லை. மதுவின் வாசனைக்குப் பின்னால் எப்போதும் இன்னொன்று வரும் என்பது அவளுக்குப் பழக்கம். அதற்காகக் காத்திருந்தாள். தோள் இரண்டும் தாமாக மேலே ஏறிக்கொண்டன. பின்னால் எதுவும் வரவில்லை. வரிசையில் அடுத்தவள் முதுகைத் தொட்டாள். அப்போதும் வரவில்லை.

ஒரு தடவை அப்படி இருந்திருக்கிறது. அரிகிருஷ்ணன் வேலை செய்த லேத் பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒரு பாட்டில் கொடுத்து, அதில் அவனுக்கு ஒரு கிளாஸ் கிடைத்தது. அன்றைக்குக் கேட்டைக் கத்தவிட்டுத் திறந்து வந்தான். படியில் உட்கார்ந்தான். சாப்பிட்டான். வெண்ணிலாவிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டான். தூங்கிவிட்டான். ஜெயக்கொடி மட்டும் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள், மிச்சம் எப்போது வரும் என்று.

தாளில் ஆங்கிலத்தில் எழுதினாள். திராட்சை, வெல்லம், வார்னிஷ். அதற்குக் கீழே: அவன் அடிக்காத நாள்.

மறுநாள் தரக் கட்டுப்பாட்டில் அவளுக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று வந்தது. அருண்ராஜ் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கெட்ட மனிதர் அல்ல. தேர்வுக்கு இரண்டே மாதம் இருக்கும்போது இப்படிச் செய்கிறாளே என்று வருத்தம்.

"யாரு மேடம் இந்த 'அவன்'?"

"என் வீட்டுக்காரர், சார்."

"அவர் எப்படி மேடம் பாட்டிலுக்குள்ள வந்தாரு? சக்கரத்துல இல்லையே."

"சக்கரத்துல இல்ல சார். வாசனைல இருந்துச்சு."

அருண்ராஜ் அவளிடம், இனிமேல் வீட்டு விஷயங்களைச் சுவையில் கலக்க மாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தார்.

முப்பத்தெட்டுத் தாள்களும் அமெரிக்கா போயின. மூன்று வாரத்தில் பதில் வந்தது. முப்பத்தேழு தாள்கள் ஒரே ஆள் எழுதியதுபோல் இருப்பதாக விஸ்கிக்காரர் எழுதியிருந்தார். முப்பத்தெட்டாவது தாளின் கடைசி வரியை லேபிளில் அச்சடிக்கப் போவதாகவும், இந்த மாதிரி வேலைக்காகவே அடுத்த ஆண்டும் இவர்களிடமே வரப்போவதாகவும்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். சத்தியநாதன் பேசினார். "இந்த வார்த்தை நம்ம ப்ராப்பர்ட்டி. யார் எழுதினாங்கங்கிறது முக்கியமில்ல. எழுதினது ப்ராசஸ். நாளைக்கே அந்த ஆள் வேலையை விட்டுப் போயிட்டாலும் வார்த்தை இங்கதான் இருக்கும். ஆளை நம்பி கம்பெனி நடத்துறவன் முட்டாள்."

சக்கரத்தில் புதிய கட்டம் ஒட்டப்பட்டது. எண் இருநூற்றுப் பதின்மூன்று: அடிக்காத நாள். பயிற்சித் துறை அதற்கு வரையறை எழுதியது. 'உலர்பழ இனிப்புடன் தொடங்கி, தொண்டையில் எரிச்சலின்றி, மென்மையாக முடியும் உணர்வு.'

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஜாடி வேண்டும். இதற்கு ஜாடியில் எதைப் போடுவது என்று குழு கூடியது. ஒருவர் பஞ்சு என்றார். ஒருவர் மயிலிறகு என்றார். முடிவாகாததால் ஜாடியைக் காலியாகவே வைத்து எண் ஒட்டினார்கள். அது முன்பு எலுமிச்சை ஊறுகாய் இருந்த ஜாடி. முப்பத்தெட்டுப் பேரும் மூடியைத் திறந்து மோந்து டிக் அடித்தார்கள். ஜெயக்கொடியும் வரிசையில் வந்து, திறந்து, மோந்து, டிக் அடித்தாள். ஊறுகாய்தான் வந்தது.

பிறகு அந்தச் சொல் பரவியது. முதல் வாரத்திலேயே அறுபத்து நான்கு குறிப்புகளில் வந்தது. மெக்சிகோ சரக்குக்கு 'மிதமான அடிக்காத நாள்'. பீச் பழ வோட்காவுக்கு 'அடிக்காத நாளின் மெல்லிய சாயல்'. ஒரு குறிப்புக்கு ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று சுற்றறிக்கை வந்தது. சாப்பாட்டு அறையில் விக்கி சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "மச்சான், இன்னிக்கு சாம்பார் டூ தர்ட்டீன்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் ஜெயக்கொடி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை அவள் அதற்குப் பிறகு பயன்படுத்தவில்லை. பயன்படுத்தாததற்கு நவம்பர் மதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் குறைத்தார்கள். புதிய சொற்களை ஏற்கும் மனப்பான்மை போதாது என்று காரணம்.

பணி உறுதித் தேர்வு டிசம்பர் பதினான்காம் தேதி. முந்தின நாள் அவள் பெருங்களத்தூரில் இறங்கி, பீர்க்கன்கரணைக்கு நடந்து, வீட்டை இன்னொருமுறை பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்காரர் புதிதாக வெள்ளையடித்திருந்தார். வாசலில் கேட் இல்லை. அவள் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தேர்வில் பத்துக் கேள்விகள். ஏழாவது: எண் 213, வரையறு. பத்து மதிப்பெண்.

வரையறை அவளுக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும். உலர்பழ இனிப்புடன் தொடங்கி என்று எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி அடித்தாள். அருண்ராஜ் மேற்பார்வைக்கு நடந்து வந்தவர் அவள் மேசைக்கருகே நின்று, வரையறையின் முதல் சொல்லை மெல்ல முணுமுணுத்தும் பார்த்தார். அவ்வளவு தூரம் அவர் இறங்கி வந்தது ஆச்சரியம்தான். ஜெயக்கொடி தலைதூக்கவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதினாள்:

'அது இனிக்காது. மற்ற நாளைப் போலத்தான் இருக்கும். அவன் தூங்கிய பிறகுதான் அது அடிக்காத நாள் என்று தெரியும். அதனால் வாயில் இருக்கும்போது இந்தச் சொல்லைப் போடுவது தவறு.'

முடிவு மூன்றாம் நாள் வந்தது. தேர்ச்சிக்கு அறுபது. அவளுக்கு ஐம்பத்தாறு. ஏழாவது கேள்விக்குப் பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: வரையறை தெரியவில்லை, சொந்தக் கற்பனை. விக்கிக்கு அதே கேள்வியில் பத்துக்குப் பத்து.

சத்தியநாதன் தம் அறையில் அவளை உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "உங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறையில ரெஸ்பெக்ட் உண்டும்மா. ஆனா டூ தர்ட்டீன்தான் இப்ப நம்ம கம்பெனிக்கு அடையாளம். அதுலயே உங்களுக்கு சப்ஜெக்ட் நாலெட்ஜ் இல்லைன்னா நான் என்ன பண்றது?"

அதை எழுதியதே நான்தான் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சத்தியநாதன் கோப்பைப் புரட்டி, வீட்டு விஷயங்களைச் சுவையில் கலக்க மாட்டேன் என்று அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

அமெரிக்காவிலிருந்து வந்த லேபிள் மேசைமேல் சட்டம் போட்டு நின்றது. கடைசி வரி சாய்ந்த எழுத்தில் அழகாக இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு எழுந்தாள்.

மண்டபத்தின் ஒலிபெருக்கிக்காரர் ஓடிக்கொண்டிருந்தார். அன்று மாலை யாருக்கோ பிறந்த நாள் விழா. ஜெயக்கொடி அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். சவுரிமுத்து பதிவேட்டில் அவள் பெயரெழுதி, வெளியே போன நேரம் ஐந்து நாற்பது என்று போட்டார். அவருக்கும் வேலை நேரம் முடிந்திருந்தது. மாற்று ஆள் வந்துவிட்டான். மதியமே கொஞ்சம் போட்டிருந்தார்.

"இன்னாம்மா, அனுப்ட்டாங்களா? வுடு. இவனுங்களுக்கு இன்னா தெரியும்? அந்த பாட்டில் அப்டியே கீது, எவனுக்கும் குடிக்கத் தெர்ல."

அவர் பேசிய காற்று அவள்மேல் பட்டது. பிராந்தி. அதன்மேல் ஒரு பீர். எலுமிச்சை ஊறுகாய். காலையில் மேலாளர் ஒருவர் அவரை எல்லோர் முன்னாலும் திட்டியதை அவள் பார்த்திருந்தாள். தோள்கள் மேலே ஏறின.

"அண்ணா, வீட்ல யார் இருக்காங்க?"

"பொஞ்சாதி. வேற யாரு? பையன் திருப்பூர்ல கீறான்."

"வாசல்ல கேட் இருக்கா?"

"கீது. இரும்பு கேட்டு. ஏம்மா?"

ஜெயக்கொடி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னிக்குப் போகும்போது, சத்தம் வர்ற மாதிரி திறங்கண்ணா."